மலைக்கு ஒரு சட்டம், கடைவரிசைக்கு ஒரு சட்டம்

"சித்தி, காசினோவை ஏன் மலை உச்சியில வச்சாங்க? கிள்ளான்ல ஏன் இல்ல?"

காராக் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அக்காள் மகன் கேட்டான். அவனுக்குப் பதினான்கு வயது. காடி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், "கிள்ளான்ல வச்சிருந்தா உன் மாமா தாத்தா வீட்டுக்கே வந்திருக்க மாட்டாரு" என்று சிரித்தார். பையன் விடவில்லை. யார் இடம் பார்த்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், நாம் கேட்டால் நம் தாமானுக்கும் ஒன்று தருவார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் கேள்வி என்னோடேயே தங்கிவிட்டது. தங்கியதற்குக் காரணம் அந்த மாமா தாத்தா, அதாவது என் தாய்மாமா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மலை.

1960-களின் தொடக்கத்தில் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே குத்தகையாளராக இருந்தவர் லிம் கோ தோங். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து 1937-ல் இங்கே வந்தவர். குளிர்காற்றை அனுபவித்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு, கோலாலம்பூரிலிருந்து கேமரன் இவ்வளவு தூரமாக இருக்கிறதே, பக்கத்தில் ஒரு மலை இருந்தால் என்ன என்று தோன்றியதாம். வரைபடத்தில் தேடிப் பிடித்த மலைதான் உலு காலி. பகாங்கும் சிலாங்கூரும் சேரும் எல்லையில், சுமார் 6,000 அடி உயரத்தில், காடு மட்டுமே இருந்த இடம். 1965 ஏப்ரலில் நிறுவனம் பதிவானது. கூட்டாளி டான்ஸ்ரீ முகமட் நோவா ஓமார், நம் மக்களவையின் முதல் சபாநாயகர், துன் அப்துல் ரசாக்கின் மாமனார்.

நிலம் மாநில அரசின் கையில் இருப்பது. அதனால் இரண்டு மாநிலங்களிடம் போக வேண்டியிருந்தது. பகாங் 12,000 ஏக்கர் கொடுத்தது, சிலாங்கூர் 2,800 ஏக்கர் கொடுத்தது. கெந்திங் செம்பாவிலிருந்து உச்சிக்குச் சாலை போட நான்கு ஆண்டுகள் ஆயின. அரசாங்கம் போட்ட சாலை இல்லை, நிறுவனமே தன் செலவில் போட்டது. 1969 மார்ச் 31-ஆம் தேதி முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மேலே போனார். அரசாங்க உதவி இல்லாமல் ஒரு தனியார் இவ்வளவு செய்திருப்பதைப் பார்த்து, காசினோ உரிமம் கொடுக்கலாம் என்ற பேச்சு அங்கேதான் வந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி உரிமம் கிடைத்தது. அடிக்கல்லுக்கும் உரிமத்துக்கும் இடையே நான்கு வாரம். அதற்குப் பதினைந்து நாளில் மே 13 வந்தது, நாடே வேறு கவலையில் மூழ்கியது. ஹோட்டல் 1971-ல் திறந்தது.

ஆக, என் அக்காள் மகனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: நாட்டில் எங்கே காசினோ வைப்பது என்று யாரும் குழு போட்டு ஆராயவில்லை. ஒருவர் மலையில் சாலை போட்டார், பிரதமருக்குப் பிடித்திருந்தது, நிதி அமைச்சு உரிமம் கொடுத்தது. அந்த மலை ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதைத் தேர்ந்தெடுத்த காரணம் குளிர்காற்று.

இன்றுவரை நாட்டில் சட்டப்படி நடக்கும் காசினோ அது ஒன்றுதான். அதன் உரிமம் நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டதும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான அறைகள் உள்ள ஹோட்டல்களும் கேபிள் காரும் தீம் பார்க்கும் மூன்று மாதக் காகிதத்தின்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். நான் பிரிக்பீல்ட்சில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் சின்ன மளிகைக் கடைக்காரர்கூடத் தன் கடை லைசென்சை ஓர் ஆண்டுக்கு எடுக்கிறார்! 2019-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் காசினோவின் ஆண்டு உரிமக் கட்டணம் 120 மில்லியனிலிருந்து 150 மில்லியன் வெள்ளியாக ஏறியது. மொத்த வசூலில் 35 விழுக்காடு வரை வரி. அரசாங்கம் ஏன் அந்த மலையை மூடுவதில்லை என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இந்த எண்களில் இருக்கிறது.

வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதை எந்தத் தெருவில் வைப்பது, யார் அனுமதி கொடுப்பது என்பதையெல்லாம் அவர் தொடவில்லை. மகாபாரதத்தில் சூதாட மண்டபம் கட்டியது அரச குடும்பம், பாண்டவர்கள்தான் பயணம் செய்து அங்கே போனார்கள். நம் நாட்டில் அரசன் வேலை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் எது மத்திய அரசின் அதிகாரம், எது மாநிலத்தின் அதிகாரம் என்று பட்டியல் இருக்கிறது. பந்தயமும் லாட்டரியும் மத்திய அரசின் பட்டியலில் வருகின்றன. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் சூதாட்ட இடம் நடத்துவதைக் குற்றம் என்கிறது. அதே சட்டத்தில் அமைச்சர் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்க வழியும் இருக்கிறது. இது முதல் கையெழுத்து. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பட்டியலில் இருக்கின்றன. எனவே கட்டடம் நிற்கும் மண்ணுக்கு மாநிலம். முஸ்லிம்கள் சூதாடுவது மாநில ஷரியா சட்டத்தின்படி குற்றம் என்பதும் மாநிலத்தின் கையில் இருப்பதே. மூன்றாவது, கடை வைக்க லைசென்ஸ் கொடுக்கும் நகராட்சி மன்றம். இந்த மன்றம் சின்ன ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசு கொடுத்ததை நடைமுறையில் நிறுத்திவிடக்கூடிய பலம் அதற்கு இருக்கிறது. அதை நாம் இரண்டு முறை பார்த்துவிட்டோம்.

முதல் முறை 2010-ல். உலகக் கிண்ணக் காற்பந்து நடக்கவிருந்த நேரம். விளையாட்டுப் பந்தயத்துக்கான உரிமத்தை அஸ்கோட் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குத் திரும்பக் கொடுக்க மத்திய அரசு சம்மதித்தது என்ற செய்தி மே மாதம் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அப்போது எதிர்க்கட்சிகள் ஆண்ட பினாங்கு, சிலாங்கூர் போன்ற மாநிலங்கள், உரிமம் உங்களுடையது, கடை எங்கள் ஊரில், எங்கள் மன்றங்கள் அதற்கு இடம் தராது என்று சொல்லிவிட்டன. ஜூன் கடைசியில் பிரதமர் நஜிப், அந்த உரிமம் கொடுக்கப்படாது என்று அறிவித்தார். காரணம் பல இருக்கலாம். ஆனால் மத்திய அரசின் கையெழுத்தை நகராட்சியின் முத்திரை மறிக்க முடியும் என்பது அப்போதே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

இரண்டாம் முறை கெடாவில். 2021 நவம்பரில் மந்திரி பெசார் முகமட் சனுசி, நம்பர் கடைகளின் லைசென்ஸ் இனிப் புதுப்பிக்கப்படாது என்றார். 2023 ஜனவரி 1 முதல் அந்தக் கடைகளுக்கு அங்கே இடம் இல்லாமல் போனது. பெர்லிசும் அதே வழியில் போனது. கிளந்தானில் 1990-களிலிருந்தே இல்லை. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. அவர்கள் எழுப்பிய கேள்வி நான் மேலே சொன்ன அதே கேள்விதான்: மத்திய பட்டியலில் இருப்பதை, கடை லைசென்ஸ் என்ற பின்கதவால் மாநிலம் தடுக்கலாமா?

இதில் நம்மவர்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பசியாறும் நேரத்தில் இந்தப் பேச்சு வந்தால் கோப்பி ஆறிப்போகும். "இது முஸ்லிம் அல்லாதவங்க உரிமை. இன்னிக்கு நம்பர் கடை, நாளைக்கு என்ன?" என்பார் ஒருவர். "என் அப்பாவோட சம்பளம் போனது அந்தக் கடையிலதான். எந்தக் கட்சி மூடினாலும் எனக்குச் சந்தோஷம்" என்பார் இன்னொருவர். நான் இரண்டு பேரோடும் பாதி ஒத்துப்போகிறேன். ஒரு மதத்தின் பெயரால் மற்றவர்களுக்குக் கதவை அடைப்பது சரியாக வராது. அதற்காக, அந்தக் கதவு பள்ளிக்கூடத்துக்கு எதிரில் திறந்திருப்பது நம் உரிமை என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. சுங்கைப்பட்டாணிக்காரர் இப்போது பாலம் தாண்டிப் பினாங்குக்குப் போக வேண்டாம், பட்டர்வொர்த் போனால் போதும். எல்லையைத் தாண்டினால் வேறு சட்டம். கெடாக்காரரின் கைக்காசு அந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த முப்பது கிலோமீட்டர் சிலரை நிறுத்தும். எப்படித் தெரியும் என்றால், என் மாமாவை நிறுத்தியது.

மாமா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். 1980-களில், சம்பளம் வாங்கிய வாரம் சனிக்கிழமை காலை புடுராயாவுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து மலைக்குப் போவார். மாதம் ஒரு முறை. உள்ளே போக உடை விதி இருந்தது: கோட்டு டை, இல்லாவிட்டால் நீளக்கை பாத்தேக் சட்டை. மாமாவிடம் பழுப்பு நிறத்தில் பூப்போட்ட ஒரே ஒரு பாத்தேக் சட்டை இருந்தது. அத்தை அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். வாசலிலேயே சட்டை வாடகைக்குக் கிடைக்கும் என்பது அத்தைக்கு ரொம்ப நாள் தெரியாது. சட்டை கிடைக்காத சனிக்கிழமைகளில் மாமா தேடிப் பார்ப்பார், கத்துவார், பிறகு முன்வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பஸ் டிக்கெட், இரண்டு பஸ், வாடகைச் சட்டை, திரும்பி வரும் பஸ் நேரம் என்று இவ்வளவையும் தாண்டிப் போகும் அளவுக்கு ஆசை எல்லா மாதமும் இருக்காது. போன மாதங்களிலும் பையில் கொண்டுபோனது எவ்வளவோ அவ்வளவுதான் போகும். கடைசி பஸ் வந்துவிடும்.

அந்த மலையால் எங்கள் குடும்பம் கஷ்டப்படவில்லை. கஷ்டம் வந்தது இருநூறு அடி தூரத்தில்.

மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயம். தாமான் கடைவரிசையில், மாடிப்படிக்குப் பக்கத்தில், ஒரு கடை திறந்தது. முன்னால் கைபேசிச் சாமான் விற்பதாகப் பலகை. கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள். உள்ளே மெஷின்கள். உரிமமும் கிடையாது, உடை விதியும் கிடையாது. காற்சட்டையோடும் ஜப்பான் செருப்போடும் போகலாம். கடைசி பஸ் என்று ஒன்று இல்லை, ராத்திரி ஒரு மணிக்கும் திறந்திருக்கும். மாமா ரொட்டி வாங்கப் போவார், இரண்டு மணி நேரம் ஆகும். சேமநிதியில் எடுத்த பணத்தில் ஒரு பங்கு போனது. அத்தையின் தாலிக்கொடி அடகுக்குப் போய் மீட்கப்பட்டது, மறுபடி போனது. அதன்பிறகு ஆலோங் ஆள் ஒருவன் வாசலுக்கு வந்து, மரியாதையாகவே, "அங்கிள் இருக்காரா?" என்று கேட்டான். அந்த மரியாதைதான் அத்தையைப் பயமுறுத்தியது.

அப்போதுதான் நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். "நீ கணக்கு ஆபீஸ்ல இருக்க, மலாய்ல நல்லா எழுதுவ" என்று என்னிடம் விட்டுவிட்டார். யாருக்கு எழுதுவது? போலீசுக்கு எழுதினால் சூதாட்டத்துக்குச் சோதனை போடுவார்கள். லைசென்சை இரத்து செய்வது மன்றம். மின்சாரம் நிறுத்துவதற்கு மின்சார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். கட்டட உரிமையாளர் வேறு ஒருவர். நான்கு பேருக்கும் எழுதினேன். மன்றத்தின் முகப்பில் இருந்த ஓர் அக்கா, தலையில் துடோங் அணிந்தவர், என் கடிதத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "கடை திறந்த பிறகு வந்து கத்துறீங்க. திறக்கறதுக்கு முன்னாடி கேக்கற நேரம் ஒண்ணு இருக்கு, அப்ப யாரும் வர்றதில்ல."

அது எந்த நேரம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாமானுக்கும் உதவும். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஒவ்வொரு பகுதிக்கும் 'உள்ளூர்த் திட்டம்' என்று ஒன்று தயாராகும். எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது கேளிக்கைக்கு என்பதெல்லாம் அதில் வரும். அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அப்படித் திட்டம் நடப்புக்கு வராத இடங்களில், திட்டமிடல் அனுமதி கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கடிதம் வராது, வீட்டுக்காரருக்குத்தான் வரும். கோலாலம்பூருக்கு மாநில அரசு கிடையாது என்பதால் அங்கே வேறு சட்டம், 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். பிரிக்பீல்ட்ஸ் உட்பட நகரம் முழுமைக்குமான 2040 உள்ளூர்த் திட்டம் 2025-ல்தான் அரசிதழில் வந்தது. அதற்கு முன் வரைவைக் காட்டி மக்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் அலுவலகத்தைச் சுற்றியிருக்கும் எத்தனை கடைக்காரர்கள் போனார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பூக்கடை அண்ணன் ஒருவர் மட்டும் போயிருக்கிறார், அதுவும் வாகன நிறுத்தத்துக்காக.

இந்த முறையில் எனக்குப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கடை லைசென்ஸ் பற்றி முடிவெடுக்கும் மன்ற உறுப்பினரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தி வைக்கப்பட்டது, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தே போனது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, கோலாலம்பூர் மேயரும் நியமனம்தான். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடுகிறோம். வீட்டு வாசலில் என்ன வரும் என்று தீர்மானிப்பவருக்கு ஓட்டு இல்லை.

இதே கெந்திங் நிறுவனம் நியூயார்க்கில் என்ன செய்ய வேண்டியிருந்தது தெரியுமா? அந்த மாநிலத்தில் 2013-ல் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்து, வணிகக் காசினோக்களுக்கு அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். பிறகு நியூயார்க் நகரத்துப் பக்கம் மூன்று உரிமங்கள் வரை கொடுக்க வழி செய்தார்கள். நகரத்துக்குள் போட்டிக்கு வந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு பேர் கொண்ட உள்ளூர்க் குழு. ஆளுநர், மேயர், அந்தப் பகுதியின் சட்டமன்றப் பிரதிநிதிகள், நகர மன்ற உறுப்பினர் என்று ஆளுக்கு ஒருவரை அனுப்புவார்கள். பொது விசாரணை நடத்தி, நான்கு பேராவது ஆதரித்தால்தான் விண்ணப்பம் அடுத்த படிக்குப் போகும். 2025 செப்டம்பரில் மன்ஹாட்டனுக்கு வந்த மூன்று விண்ணப்பங்களும் இந்தக் குழுக்களில் தோற்றன. டைம்ஸ் சதுக்கத்தில் பெரிய நிறுவனங்கள் கூட்டாகக் கேட்டது அதில் ஒன்று. பக்கத்து நாடக அரங்குக்காரர்கள் வேண்டாம் என்று நின்றார்கள். கெந்திங்கின் குயின்ஸ் விண்ணப்பம் குழுவைத் தாண்டியது. உலு காலியில் பிரதமர் ஒருவரின் மனம் கனிந்தால் போதுமாக இருந்தது. குயின்சில் அக்கம்பக்கத்தார் வரிசையாக மைக் பிடித்துப் பேசியதைக் கேட்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எல்லாமே நேர்மையாக நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, பணம் அங்கேயும் பேசும். ஆனால் கடை திறப்பதற்கு முன் கேட்கிறார்கள்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. 2005 ஏப்ரலில் பிரதமர் லீ சியன் லூங் இரண்டு இடங்களுக்கு அனுமதி அறிவித்தார், 2010-ல் இரண்டும் திறந்தன. இடத்தை அரசே குறித்தது. தன் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் வாசலில் கட்டணம் போட்டது. முதலில் ஒரு நாளுக்கு 100 டாலர், 2019-லிருந்து 150. வெளிநாட்டவருக்குக் கட்டணம் இல்லை, அதாவது ஜொகூர் பாலம் தாண்டிப் போகும் நம்மவர் இலவசமாக நுழையலாம்! அங்கே எனக்குப் பிடித்தது இன்னொன்று. குடும்பத்தார் விண்ணப்பித்து, தங்கள் வீட்டு ஆளைக் காசினோவுக்குள் விடக் கூடாது என்று ஆணை வாங்கலாம். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அரிசி மூட்டைக்குப் பதிலா கவர்மெண்ட்டு" என்றார்.

பிரிக்பீல்ட்சில் வேலை செய்துகொண்டு இதை எழுதும்போது ஆனந்த கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. 1938-ல் இங்கே பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். 2024 நவம்பரில் காலமானபோது செயற்கைக்கோள், தொலைக்காட்சி, இரட்டைக் கோபுரம் என்று எழுதினோம். 1988-ல் தொடங்கிய பான் மலேசியன் பூல்ஸ் நம்பர் கடைகளும் அவருடைய தொழிலில் ஒன்றாக இருந்தன என்பதைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் குதிரைப் பந்தயத் திடல். நகரத்தின் நடுவில் பந்தயம் எதற்கு, அந்த மண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது என்று முடிவானதும் குதிரைகள் சுங்கை பீசிக்குப் போயின. நிலத்தின் விலை ஏறினால் சூதாட்டமும் இடம் மாறும் என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் இந்த நாட்டில் இல்லை. நம்மவர்களுக்கு மட்டும் நம்பர் இடம் மாறவே இல்லை. கனவு கண்டால் நம்பர், காடி மோதினால் அதன் பிளேட் நம்பர், சாமி வந்து ஆடினால் அதற்கும் ஒரு நம்பர்.

இந்த 'எங்கே வைப்பது' என்ற கேள்வியைக் கிள்ளான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறது. தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்த காலம். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, பள்ளிக்கூடம், துரை வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது. சம்பளப் பணம் லயத்துக்கு வரும் வழியில் கடையை வைத்தால் என்ன நடக்கும் என்று எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாத்தா பாட்டிகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் படித்தபோது, நான் நான்கு அலுவலகங்களுக்கு எழுதிய கடிதம் எனக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

அந்தக் கடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மன்றமும் போலீசும் வந்து மெஷின்களைத் தூக்கினார்கள், மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஆறு வாரத்தில் இரண்டு வரிசை தள்ளி வேறு பலகையோடு இன்னொன்று. அதற்கும் எழுதினோம். அது மூடிய பிறகு அந்த இடத்துக்கு வாடகைக்கு வந்தவர் நாசி லெமாக் போடுகிறார், சம்பல் நன்றாக இருக்கிறது. ஆசிரியர் சொன்னபடி இப்போது கட்டட உரிமையாளர்கள் இரண்டு பேரைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறோம். யார் வாடகைக்குக் கேட்கிறார்கள் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சட்டத்தில் இல்லாத ஏற்பாடு, ஆனால் இதுவரை வேலை செய்கிறது.

2024 ஏப்ரலில் ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியில் காசினோ வரப்போகிறது என்று ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் எழுதியது. பிரதமர் அன்வார் உடனே மறுத்தார். தொடர்புபடுத்தப்பட்ட தொழிலதிபர்களும் மறுத்தார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுவதும் அதே பேச்சு. கடலை நிரப்பிக் கட்டிய ஊருக்குப் போய் யார் ஆடுவார் என்றார் ஒருவர், சிங்கப்பூர்க்காரன் ஆடுவான் என்றார் மற்றவர். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் கைபேசியிலேயே ஆடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 'இல்லம்' என்கிறது, 'இடம்' என்கிறது. கதவும் சுவரும் உள்ள ஒன்றை மனத்தில் வைத்து எழுதியது. கைபேசிக்குக் கடை லைசென்ஸ் எந்த மன்றம் கொடுக்கும்? உள்ளூர்த் திட்டத்தில் அதற்கு எந்த நிறம் பூசுவார்கள்? குறுஞ்செய்தியில் ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு எனக்கே வருகிறது, இலவசமாக ஐம்பது வெள்ளி தருகிறார்களாம்.

மாமாவுக்கும் வந்தது. அத்தை என்னிடம் கேட்டார்: "இதுக்கு யாருக்குக் கடுதாசி எழுதுவ?" தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் புகார் செய்யலாம், அவர்கள் இணையத்தளங்களை முடக்குகிறார்கள் என்று சொன்னேன். அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது மாமா முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய எழுத்துப் பொத்தான்கள் வைத்த பழைய மாதிரி கைபேசி. தெலுக் பூலாய் பக்கம் ஒரு கடையில் அத்தை வாங்கியது, 89 வெள்ளி. பேசலாம், மணி பார்க்கலாம், டார்ச் அடிக்கலாம்.

"சார்ஜ் போட்டா நாலு நாள் வருதுமா" என்றார் மாமா.